லைட் அணையற வரைக்கும்

நீங்களே ஓட்டுங்க தம்பி. வாங்கறவங்க வண்டிய ஓட்டோணும், விக்கறவன் பக்கத்துல உக்காந்து வாயத்தான் ஓட்டோணும். சாவி அதுலயே இருக்குது. கிளச்ச முழுசா மிதிங்க, அப்பத்தான் ஸ்டார்ட் ஆகும். ஆங், அப்படித்தான். சத்தத்தக் கேட்டீங்களா? மூணு வருசத்து வண்டிங்க, ஒரு கெட்ட சத்தம் கிடையாது.

நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். இந்த சீட்டுல நான் இதுவரைக்கும் உக்காந்ததே இல்லீங்க, அதான் கால எங்க வெக்கறதுன்னு தெரியல. கண்ணாடி மூணு வெரல் எறங்கியிருக்குது பாருங்க, அது அப்படியே இருக்கட்டும். என்ற சம்சாரத்துக்கு முழுசா ஏத்துனா மூச்சு முட்டும், முழுசா எறக்குனா தல கலஞ்சு போகும். மூணு வெரல்தான் அவளுக்கு. வசந்தாமணின்னு பேரு. போன வருசம் வைகாசில தவறிட்டா. அதுக்கென்ன, நீங்க லெப்ட்டுல திரும்புங்க.

முன்னால மஞ்சளா ஒரு லைட் தெரியுதுங்களா? பொட்டியாட்டம், உள்ள புள்ளி புள்ளியா? எரியுதுங்களா? அதேதான். மறைச்சு விக்கற பழக்கம் நமக்கில்லீங்க. சைலன்சருக்கு முன்னால ஒரு ஃபில்டர் வெச்சிருக்காங்க. டீசல் புகையில வர்ற கரியெல்லாம் அது புடிச்சு வெச்சுக்கும். புடிச்சு வெச்சத எரிச்சுத் தள்ளோணும்னா வண்டி நல்லாச் சூடேறோணும். ஊருக்குள்ள கடைக்குக் கடை நின்னு நின்னு ஓடுனா எங்க சூடேறும்? கரி அடைச்சுக்கும், லைட் எரியும். அப்ப என்ன பண்ணோணும்னா பைபாஸ் ஏறி, நாலாவது கியர்ல போட்டு, அறுபதுக்குக் கொறையாம ஒரு இருபது நிமிசம் நிறுத்தாம ஓட்டோணும். உள்ள இருக்கற கரி எரிஞ்சு லைட் தானா அணைஞ்சிரும்.

அதனால இப்பவே சொல்லிப்போடறேன் தம்பி. பைபாஸ் ஏறுனதுக்கப்புறம் லைட் அணையற வரைக்கும் நிறுத்தாதீங்க. நானே சொன்னாலும் நிறுத்தாதீங்க. வயசாயிப்போச்சு, நான் பாட்டுக்கு என்னத்தையாச்சும் ஒளறுவேன். நீங்க மிதிச்ச மிதிய எடுக்காதீங்க.

சரி, இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டுவீங்க? எத்தன எடத்துல நிறுத்துவீங்க? வண்டிய ஸ்டார்ட்டுலயே விட்டுட்டுப் பேசிட்டு நிக்கற பழக்கம் இருக்குதுங்களா? சிரிக்காதீங்க. பொண்ணு குடுக்கறப்ப விசாரிக்கறதில்லீங்களா, அந்த மாதிரிதான். உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரு தண்ணி கேன் போடறவரு. ஊருக்குள்ளயே ஆறு கிலோமீட்டர், அம்பது ஸ்டாப். போயிட்டு வாங்கன்னுட்டேன். ஒருத்தரு டெய்லர், துணி மூட்டைய ரெண்டு தெரு தள்ளிக் கொண்டுபோயி எறக்கறதுக்கு அவருக்கு டீசல் வண்டி வேணுமாம். இன்னொருத்தரு பந்தல் போடறவரு, மண்டபத்து வாசல்ல வண்டிய உறும விட்டுட்டு உள்ள போயி பந்திலயும் உக்காந்துக்குவாராம். அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் கேட்டச் சாத்திட்டேன். என்ற மக கலைவாணி திருப்பூர்ல இருக்கறா. போன்ல திட்டறா, "ஏனுங்ப்பா, நீங்க வண்டிய விக்கறதுக்கு ஆள் பாக்கறீங்களா, வெரட்டறதுக்கு ஆள் பாக்கறீங்களா?"ன்னு.

நீங்க சொல்லுங்க. காங்கயத்துல காய்கறிக் கடை. வாரத்துல மூணு நாளு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டு. போக வர நூத்தி முப்பது வருமுங்களா? நிறுத்தாமப் போவீங்களா?

ம்.

ஒத்து வருமுங்க. பொய் சொல்றதுக்கு ஒன்னுமில்ல, உங்க ஓட்டத்துக்கு இந்த வண்டி அளவெடுத்துத் தைச்ச மாதிரி. லைட்டுன்னு ஒன்னு இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. வேற ஏதாச்சும் சாக்குச் சொல்லலாம்னு பாத்தேன், ஒன்னும் ஆப்படல.

பைபாஸ் வந்திருச்சு. ஏறுங்க. நாலாவது போடுங்க. அவ்வளவுதான், இனி அப்படியே விட்டுப் புடிங்க. ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துது பாருங்க, மின்சாரம் எடுக்கறது. ஆடி மாசத்துல இந்த ரோட்டுல காத்து வண்டியவே தள்ளும். எரியுதுங்களா லைட்டு? எரியட்டும், எரியட்டும், இப்பத்தான ஏறியிருக்கறோம்.

எனக்கு இத வித்தான் பாருங்க ஒருத்தன், கம்பெனி ஷோரூம்ல, டை எல்லாம் கட்டிட்டு. அவன் மேலதான் எனக்குக் கோவம். வெள்ளையா சில்வரான்னு கேட்டான். ஜாதகத்துல நல்ல நாளு என்னைக்குன்னு கேட்டான். மால போட்டுப் படம் எடுத்தான். நீ எங்கய்யா ஓட்டப்போற, எத்தன தூரம் ஓட்டப்போறன்னு ஒரு வார்த்த கேட்டானா? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். நமக்கு மாவு யாவாரங்க. இட்லி மாவு, தோச மாவு. தாராபுரத்துக்குள்ளயே முப்பத்தி ரெண்டு மளிகக் கடைக்குப் போடறோம். ஒரு நாளைக்கு மொத்தம் ஒம்பது கிலோமீட்டர். முப்பத்தி ரெண்டு எடத்துல நிறுத்தோணும். இவனாட்டம் ஆளுக்கு டீசல் ஆகாதுன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் தலையில கட்டிட்டான். அவன் மட்டும் கேட்டிருந்தா இன்னைக்கு இப்படி ஆயிருக்குமுங்களா?

வசந்தாமணி கேட்டா. அது வேற. ஷோரூம் வாசல்லயே கேட்டா. "ஏனுங்க, ஊருக்குள்ள சுத்தறதுக்கு நமக்கு எதுக்குங்க இத்தாப் பெரிய வண்டி? சின்னதாப் பெட்ரோல்ல ஒன்னு போதாதா?"ன்னா. பொம்பளைங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியுமுங்க? சும்மா இரு மணின்னேன். இருந்துட்டா. அவ எப்பவுமே அப்படித்தான், ஒரு தடவைக்கு மேல எதையும் கேக்க மாட்டா. தங்கமான குணம்.

யாவாரத்துல எனக்கு ரொம்ப ஒத்தாசைங்க அவ. அரிசி ஊறப் போடறது, காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு அரைக்கறது, உப்புப் போட்டுக் கரைக்கறது, கவர்ல ஊத்திக் கட்டறது, கிரைண்டர் கழுவறது, அதெல்லாம் அவ பாத்துக்குவா. மத்ததெல்லாம் நான்தான். வண்டி பக்கவாட்டுல எழுதியிருக்குது பாத்தீங்கல்ல, 'நாச்சிமுத்து மாவு'ன்னு. அதுதான் பேரு. தாராபுரத்துல யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க.

எடுத்த ரெண்டாவது மாசமே லைட் எரிஞ்சுது. நமக்கு வண்டி பாக்கறவன் அர்த்தநாரி, பூளவாடி பிரிவுல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறான். அவன்தான் சொன்னான், "வாரத்துக்கு ஒருக்கா பழனி ரோட்டுல ஒரே ஓட்டமா விட்டுட்டு வாங்ணா, லைட் அணையற வரைக்கும் நிறுத்தாதீங்க"ன்னு. ஞாயித்துக்கெழம கடைங்களுக்குப் பாதி லோடுதான். சரி, ஞாயித்துக்கெழம பத்து மணின்னு வெச்சுக்கிட்டேன். மொத நாளு நான் சாவிய எடுக்கறப்ப அவ வாசல்ல வந்து நின்னா. நானும் வரட்டுங்களான்னா. நான் என்ன மலைக்கா போறேன், சும்மா புகை ஊதறதுக்குப் போறேன், வர்றதுன்னா வான்னேன்.

அதுலருந்து வாராவாரம் வந்துருவா. நம்ப மாட்டீங்க, அதுக்குன்னு நல்ல சேலை கட்டுவா. ஒயர் கூடையில முறுக்கும் தண்ணியும் எடுத்துக்குவா. கல்யாணமாயி முப்பத்தி நாலு வருசம். மாவு யாவாரத்துல ஒரு நாளு கூட அடைக்க முடியாதுங்களே, எங்க போறது வர்றது? காத்தாடிய எண்ணிக்கிட்டே வருவா, சின்னப் புள்ளையாட்டம். இதே ரோட்டுல முன்னால ஒரு பெட்ரோல் பங்க் இருக்குது, இங்கருந்து இன்னும் தூரம், அதுக்கிட்டப் போறப்பத்தான் எப்பவும் லைட் அணையும். அணைஞ்சா நான் வண்டியத் திருப்பிருவேன். வேல முடிஞ்சுது, அப்புறம் என்ன? ஒருக்கா கேட்டா, "இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர்தானுங்களே பழனி, ஒரு எட்டுப் போயி கும்பிட்டுட்டு வந்துரலாமா?"ன்னு. டீசல் என்ன தண்ணியான்னேன். அதுக்குச் சிரிச்சா. இன்னொருக்கா திரும்பி வர்றப்ப அவளாவே சொன்னா, "இந்த லைட்டு தெனமும் எரிஞ்சா நல்லா இருக்கும்." நானும் சிரிச்சேன். வண்டி ரிப்பேருக்குச் சந்தோசப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்னு சொன்னேன்.

எரியுதுங்களா?

இங்கருந்து பாத்தா தெரிய மாட்டேங்குதுங்களே. ஸ்டியரிங் மறைக்குது. கொஞ்சம் சாய்ஞ்சு பாத்தா... இல்லீங்க, சாய்ஞ்சாலும் தெரியல. இது எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. இந்தப் பக்கம் உக்காந்தவங்களுக்கு லைட்டே தெரியாதுங்களா? அப்ப அவளுக்கு நான் சொல்றதுதான். நான் எரியுதுன்னா எரியுது, அணைஞ்சுதுன்னா அணைஞ்சுது. ரெண்டு வருசம் இங்கதான் உக்காந்திருந்தா, ஒரு நாளு கூட எங்க காட்டுங்கன்னு கேட்டதில்ல.

அறுபதுலயே போங்க தம்பி, கொறைக்காதீங்க.

அன்னைக்கும் ஞாயித்துக்கெழமதான். காலைலருந்தே எடது கை வலிக்குதுன்னா. மாவு வாளி தூக்கித் தூக்கி அவளுக்குக் கை வலி எப்பவும் உண்டு. தைலம் தேச்சுக்கோன்னேன். முதுகுலயும் பிடிச்ச மாதிரி இருக்குதுன்னா. வாய்வுன்னேன். யாராயிருந்தாலும் அதத்தானுங்க சொல்லுவாங்க? நீங்களாயிருந்தா என்ன சொல்லுவீங்க? வேண்டாம், சொல்ல வேண்டாம். அன்னைக்கு நீ வர வேண்டாம், படுத்துக்கோன்னு கூடச் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். அவதான் சேலை கட்டிட்டு வந்து ஏறிட்டா. வாரத்துல ஒரு நாளுதானுங்களேன்னா.

கொஞ்சம் முன்னால எடது பக்கம் ஒரு எடைமேடை வரும். லாரிங்கள நிறுத்தி எடை போடறது. இப்ப மூடிக் கெடக்குது, வாசல்ல ஒரு வாகை மரம் நிக்கும். அங்க வர்றப்ப அவ சொன்னா, "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்களே. ஒரு மாதிரியா இருக்குது." சத்தமா இல்லீங்க. கத்தலைங்க. கத்தியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். உப்பு எடுத்துக் குடுங்கன்னு கேக்கற மாதிரி கேட்டா. பதிமூணு நிமிசம் ஓடியிருக்குது. இன்னும் ஏழு நிமிசம். பாதியில நிறுத்துனா போச்சே, மறுபடியும் மொதல்லருந்து ஓட்டோணுமே. லைட் இன்னும் அணையல மணி, ஏழே நிமிசம், பங்க்குல நிறுத்திச் சோடா வாங்கித் தர்றேன்னு சொன்னேன். சரிங்கன்னா. அவ கடைசியா சொன்னது அதுதான். சரிங்கன்னா.

அதுக்கப்புறம் ஒன்னும் கேக்கல. நான்தான் சொன்னேனே, அவ ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டான்னு.

பங்க்கு வந்துச்சு. லைட் அணைஞ்சுது. அணைஞ்சிருச்சு பாருன்னு திரும்பிப் பாத்தா, தலையக் கண்ணாடில சாய்ச்சுத் தூங்கறா. மூணு மணிக்கு எந்திரிக்கறவ, வண்டில எப்பவும் கண்ணசந்துருவா. நான் எறங்கிப் போயி பன்னீர் சோடா வாங்கிட்டு வந்தேன். எழுப்ப மனசு வரல. பாட்டில அவ பக்கத்துல கூடைக்குள்ள வெச்சுட்டு வண்டியத் திருப்புனேன். மெதுவா ஓட்டிட்டு வந்தனுங்க தம்பி. வேகத்தடையிலெல்லாம் ரெண்டாவது கியருக்கு எறங்கி, தலை கண்ணாடில இடிச்சுறக் கூடாதுன்னு. வாழ்க்கையிலயே அவளுக்காக அப்படி ஓட்டுனது அன்னைக்குத்தான். வீட்டு வாசல்ல நிறுத்தி மணி, மணின்னு கூப்பிட்டப்பத்தான் தெரிஞ்சுது.

இல்லீங்க, நீங்க ரோட்டப் பாருங்க. மொகத்தப் பாத்துட்டு ஓட்டாதீங்க. எரியுதுங்களா?

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அர்த்தநாரிகிட்டக் கேட்டேன். ஏண்டா, பாதியில நிறுத்துனா வண்டிக்கு என்னாகும்னு. ஒன்னும் ஆகாதுங்ணா, இன்னொரு நாளைக்கு ஓட்டுனாப் போச்சுங்கறான். ஒன்னும் ஆகாதாம். அத முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல? நிறுத்தாதீங்கன்னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு அதச் சொல்லத் தெரியல. டாக்டருகிட்ட நான் எதையும் கேக்கலீங்க. ஏழு நிமிசம் முன்னால போயிருந்தா என்னாகியிருக்கும்னு கேக்கலாம்னு ரெண்டு தடவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். மெக்கானிக்குகிட்டத்தான் கேக்க முடிஞ்சுது.

யாவாரத்த விட்டுட்டேன். ரெண்டு பேர வெச்சு அரைச்சுப் பாத்தேன், கை மாறுனா மாவு வேற மாதிரி ஆயிருதுங்க. அதனால வண்டிக்கு வேலையில்ல. இருந்தாலும் ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எடுத்துருவேன். கண்ணாடிய மூணு வெரல் எறக்கி விடுவேன். அந்த எடைமேடை வர்றப்ப கேக்குமுங்க. பேய், பிசாசுன்னு நான் சொல்லல, எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கையும் இல்ல. ஆனாக் கேக்கும். அதே கொரலு, அதே மாதிரி மெதுவா. "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்களே." எனக்குப் பயமில்லீங்க, கேக்காமப் போயிருமோன்னுதான் பயம். கேட்ட ஒடனே நிறுத்திருவேன். எறங்கி இந்தப் பக்கம் வந்து கதவத் தொறந்து வெச்சுட்டு நிப்பேன். கொஞ்ச நேரம் காத்து வாங்குனதுக்கப்புறம் சாத்திட்டுத் திரும்பி வந்துருவேன். பதினாலு மாசம், ஒரு வாரம் தப்பல.

அப்புறம் லைட் எப்படிங்க அணையும்? பதிமூணு நிமிசத்துல நின்னா பதிமூணு நிமிசத்துக் கரிதான் எரியும். வண்டி இழுவை கொறஞ்சு போச்சு. அர்த்தநாரி ஒயர மாட்டி கம்ப்யூட்டர்ல பாத்துட்டுச் சொல்றான், "என்னங்ணா, வாராவாரம் ஒரே எடத்துல நிறுத்தறீங்களா? எல்லாம் இதுல பதிவாகியிருக்குது." எல்லாமே பதிவாகுமான்னேன். ஆமாங்கறான். அப்படின்னா போன வருசம் வைகாசி பதினாறாந்தேதி லைட் எத்தன மணிக்கு அணைஞ்சுதுன்னு பாத்துச் சொல்லுன்னேன். அவ்வளவு பழசெல்லாம் இருக்காதுங்ணான்னுட்டான்.

எதுக்குக் கேட்டேன்னா... இத மககிட்டக் கூட நான் சொன்னதில்ல. அவ நிறுத்தச் சொன்னப்ப லைட் இன்னும் அணையலைன்னு சொன்னேன் பாருங்க, நான் லைட்டப் பாத்துட்டுத்தான் சொன்னேனான்னு ஞாபகமில்லீங்க. பாக்காமயே சொல்லிட்டனோன்னு இருக்குது. ரோடு நல்லாக் கெடந்துச்சு, வண்டி நல்லாப் போயிட்டிருந்துச்சு. அந்த வேகத்த விட மனசில்லாமத்தான் சொன்னனோ என்னமோ.

இத இப்படியே வெச்சிருந்தா ஃபில்டர் முழுசா அடைச்சு வண்டி நின்னே போகும், யாராச்சும் ஓட்டறவங்களுக்குக் குடுத்துருங்ணான்னு அர்த்தநாரி சொன்னதுக்கப்புறம்தான் விக்கறதுன்னு முடிவு பண்ணுனேன். உங்களுக்கு ஒத்து வருமுங்க. ஒரே ஓட்டமா ஓட்டுவீங்க, லைட் அணையும், வண்டி நல்லா இருக்கும். அதுதானுங்க வண்டிக்கு நல்லது.

அதா, வாகை மரம் தெரியுது.

பதிமூணு நிமிசம் ஆச்சுங்களா? இருக்கும். லைட்டு... வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம். இங்கருந்து பாத்தா எடைமேடை எவ்வளவு கிட்ட வருது பாருங்க. அந்தப் பக்கம் உக்காந்தா தூரமாத் தெரியும். இங்க கையெட்டற தூரத்துல இருக்குது. எறங்கோணும்னு நெனைக்கறவங்களுக்கு... கேக்க மாட்டேங்குதே தம்பி. இன்னைக்குக் கேக்க மாட்டேங்குது. நான் இங்க உக்காந்துட்டனே, அவ எங்க உக்காருவா? தப்புப் பண்ணிட்டேன். தாண்டிருமாட்ட இருக்குதே, ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்களே...

நிறுத்திட்டீங்க.

இல்லீங்க, எனக்கு ஒன்னுமில்ல. நெஞ்சுவலியெல்லாம் இல்ல. தண்ணி வேண்டாம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேண்டாம் தம்பி, கைய விடுங்க, நல்லா இருக்கறேன். நிறுத்தாதீங்க, நானே சொன்னாலும் நிறுத்தாதீங்கன்னு அத்தன தடவ சொல்லியிருந்தேன். நீங்க லைட்டப் பாக்கவே இல்லீங்க. என்ற மூஞ்சியத்தான் பாத்தீங்க. பாத்த ஒடனே கால் பிரேக்குக்குப் போயிருச்சு.

வண்டி உங்களுக்குத்தான். சாயந்தரமா வந்து பேப்பர வாங்கிக்குங்க.

லைட் எரியுதுங்களா? எரியட்டும். கொஞ்ச நேரம் இப்படியே நிக்கலாம்.

நிறுத்தறதுக்கு எத்தன நேரமாச்சு தம்பி? மூணு எண்ணியிருக்க முடியுமுங்களா? நான் எண்ணல. இவ்வளவு வேகத்துல வந்த வண்டி, அந்த மரத்தத் தாண்டறதுக்குள்ள நின்னுருச்சு.

இவ்வளவுதானுங்களா.